சிபேகோ போடாத சுவிட்ச்

நாட்டுக்கே மின்சாரம் தரும் கரீபா அணையில் தண்ணீர் வற்றிப்போன அந்த வருடம், முதல் மழையே பெருங்காற்றோடு வந்து, எங்கள் ஊருக்கு வரும் மின்கம்பியை மலைக்கு அந்தப் பக்கம் அறுத்துப் போட்டது. காலையில் லைன்மேன் மிலிமோ இரண்டு ஆட்களோடு சரிசெய்யப் போனார். சப்ஸ்டேஷன் ஆபரேட்டர் சிபேகோ அந்தக் கம்பியின் சுவிட்சை அணைத்துப் பூட்டி, சாவியை இடுப்புத் துணியில் முடிந்துகொண்டாள். "கம்பத்துலேர்ந்து இறங்கிட்டோம்" என்று மிலிமோ போனில் சொன்ன பிறகுதான் அவள் மின்சாரம் விடவேண்டும். முன்பு இதற்கென்று வயர்லெஸ் இருந்தது. செல்போன் வந்தபின் இது எதற்கு என்று மேலிடம் கழற்றிக்கொண்டு போய்விட்டது.

அந்த செல்போன் டவரைப் பார்த்துக்கொள்பவன் நான். டவருக்கும் அதே கம்பியில்தான் மின்சாரம் வருகிறது. பேட்டரி உண்டு; ஆனால் தினமும் மின்வெட்டு என்றால் அது எப்போது நிறையும்? உச்சிவெயிலுக்கு முன்பே எங்கள் டவர் அணைந்தது. மலைமேல் இருக்கும் அடுத்த டவரும் அணைந்தது. சிபேகோவிடம் ஓடினேன்.

"மிலிமோ அண்ணன் பேசினாத்தான் நான் கரண்ட் விடணும். கரண்ட் வந்தாத்தான் அவர் பேச முடியும். அப்படித்தானே?" என்றாள்.

"அப்படித்தான். நம்ம டவரை கார் பேட்டரி வச்சு எழுப்பிடலாம். ஆனா அண்ணன் இருக்கற பக்கம் எட்டறது மலைமேல இருக்கறதுதான். அது செத்துக் கிடக்கே."

சந்தையில் பைக் ஓட்டும் ஹச்சிபுகாவை மிலிமோவிடம் அனுப்பினோம். நடுவில் ஓடை பெருகியிருந்தது. அவன் சுற்றித்தான் போகவேண்டும்.

பிற்பகலில் ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டர் முன்சாகா வந்தார். ஜெனரேட்டரில் டீசல் தீரப்போகிறது. பங்க்கில் டீசல் தரைக்கடியில் நிறைய இருக்கிறது; இறைக்க மின்சாரம் இல்லை. பக்கத்து ஊருக்கு வண்டி அனுப்பினார். ஆஸ்பத்திரிப் பணமெல்லாம் போன் கணக்கில் இருந்தது; டவர் இல்லாமல் அதை அனுப்ப முடியாததால் டிரைவர் வெறுங்கையோடு திரும்பிவிட்டான். வார்டில் நான்கு வயதுப் பையன் ஒருவன், சபோட்டா, ஆக்சிஜன் மிஷினால் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தான்.

"இந்நேரம் வேலை முடிஞ்சிருக்கும், சிபேகோ. போடு."

"முடிஞ்சிருக்கும்னு நீங்க சொல்றீங்க டாக்டர். அவர் சொல்லலையே."

"சுவிட்சைக் கட்டிக்கிட்ட மாதிரி உட்கார்ந்திருக்கியே. அங்க பிள்ளை நீலம் பாரிக்குது."

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் அழுவது வெளியே கேட்டது. முன்சாகா ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போய்விட்டார்.

வெயில் சாயும்போது ஹச்சிபுகா மிலிமோவை பைக்கின் பின்னால் உட்காரவைத்துக் கொண்டுவந்தான். இருவரும் இடுப்புவரை சேறு. மிலிமோ இறங்குமுன்பே கத்தினார்.

"போடு! எல்லாரும் இறங்கியாச்சு. மத்தியானமே இறங்கியாச்சு."

சிபேகோ சாவியை எடுத்து சுவிட்சைப் போட்டாள். தெருவில் விளக்குகள் எரிந்தன. பிறகுதான் அவரைப் பார்த்தாள்.

"மத்தியானமேவா?"

"பாறைமேல ஏறி போனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டே நின்னேன். இப்ப வரும், இப்ப வரும்னு. ஓடையைத் தாண்டவும் முடியல."

சபோட்டா அதற்குச் சற்று முன்புதான் இறந்திருந்தான்.

மறுநாள் அவன் தாய் ல்வீண்டோ சப்ஸ்டேஷன் வாசலில் வந்து நின்றாள். நானும் இருந்தேன்.

"நீ மத்தியானமே போட்டிருந்தா என் பிள்ளை இருந்திருப்பான், இல்லையா?"

"ஆமா அக்கா."

"அந்த ஆளுக்கு ஒண்ணும் ஆகியிருக்காது."

"ஆகியிருக்காது. ஆனா எனக்கு அது தெரியாது அக்கா."

ல்வீண்டோ திட்டவில்லை. தலைத்துணியை இறுக்கிக்கொண்டு திரும்பிப் போனாள்.

விசாரணைக்கு வந்தவர்கள் சிபேகோ விதிப்படி நடந்ததாகப் பாராட்டினார்கள். வயர்லெஸ்ஸைத் திருப்பிக் கொடுங்கள் என்று அவள் கேட்டாள். பார்க்கலாம் என்றார்கள். சந்தையில் பலர் அவளுக்குத் தக்காளி விற்பதைக்கூட நிறுத்திக்கொண்டார்கள்.

அடக்கத்தன்று பையனுக்குக் குழி வெட்டியது மிலிமோ. யாரும் அவரைக் கூப்பிடவில்லை. மண்வெட்டியோடு வந்தார், உறவுக்காரர்கள் விலகி இடம் கொடுத்தார்கள். சின்னக் குழிதான். வெட்டி முடித்தபின்னும் அவர் மேலே ஏறாமல் உள்ளேயே நின்றுகொண்டிருந்தார். கடைசியில் ல்வீண்டோவின் கணவர்தான் கைகொடுத்துத் தூக்கிவிட்டார்.