விட்டுப்போன ‘சி’

பயம் வந்தால் சிலருக்கு அழுகை வரும், சிலருக்கு வயிற்றைக் கலக்கும். எனக்குக் கோபம்தான் வரும். அன்று காலை கோர்ட்டுக்குக் கிளம்பும்போது அம்மாவைத் திட்டினேன், ஆட்டோக்காரரைத் திட்டினேன், அறுந்துபோன செருப்பைக்கூடத் திட்டினேன். அப்பாவை மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

அப்பா பெயர் நல்லுசாமி, வயது ஐம்பத்தொன்பது. பரமக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் குடியிருந்து, முப்பது வருஷம் கம்பெனியில் வெந்தவர். ரிடையர் ஆனபிறகு, கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றிப் போகும் வேன் ஓட்டினார். மூன்று மாதம் முன்பு ஒரு காலையில், எல்லைக்கு அந்தப் பக்கம் கர்நாடகாவில் ஆட்களை இறக்கிவிட்டு வெறும் வண்டியோடு திரும்பினார். யூ டர்ன் வரை போகச் சோம்பல்பட்டு, சர்வீஸ் ரோட்டில் ராங் சைடில் வந்தார். இங்கே எல்லோரும் செய்வதுதான். நானும் தினமும் ஸ்கூட்டியில் அப்படித்தான் வேலைக்குப் போகிறேன். எதிரே கீரைக்கூடையோடு நடந்து வந்த மாரம்மா என்ற அம்மாள்மேல் வேன் மோதிவிட்டது. தொடை எலும்பு முறிந்தது. அப்பாவே அந்த அம்மாளைத் தூக்கி வண்டியில் போட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, தானாகவே ஸ்டேஷனுக்கும் போனார். ஓடவில்லை, ஒளியவில்லை. எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட.

குற்றப்பத்திரிகை கன்னடத்தில் வந்தது. எங்கள் வக்கீல் சுஜாதா ஓசூர்க்காரர், தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் தண்ணீர்பட்ட பாடு. படித்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார்.

“ஏன்மா ஸ்வாதி, மோதிட்டு ஓடிட்டேன்னு உங்கப்பா அவர் வாயாலயே சொன்னதா எழுதியிருக்காங்களே?”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்பாவிடம் கேட்டுக் கேட்டுத்தான் விஷயம் பிடிபட்டது. ஸ்டேஷனில் ‘யாரு ஓடிசித்து?’ என்று கேட்டிருக்கிறார்கள். யார் ஓட்டியது என்று அர்த்தம். அப்பாவுக்குத் தெரிந்ததெல்லாம் கம்பெனிக் கன்னடம், அதுவும் பாதி பரமக்குடி. ‘நானே ஓடிதே’ என்றிருக்கிறார். ஓட்டினேன் என்றால் ‘ஓடிசிதே’ என்று சொல்ல வேண்டும். ‘ஓடிதே’ என்றால் ஓடினேன். நடுவில் ஒரு ‘சி’ விட்டுப்போனது. எழுதிய போலீஸ்காரர், அப்பா சொன்னபடியே எழுதிக்கொண்டார்.

“சிரிக்கிற விஷயமில்லம்மா,” என்றார் வக்கீல். நான் சிரிக்கவே இல்லை. “ராங் சைடு, இடிச்சதுன்னா அபராதம், லைசென்ஸ் சஸ்பெண்டுன்னு பேசிக்கலாம். அடிபட்டவங்களப் போட்டுட்டு ஓடினவருன்னு ஆச்சுன்னா ஜெயில்தான். இந்த ஜட்ஜம்மா அதுல ரொம்பக் கறாரு. பாஷை தெரியாத தப்புன்னு மனு போடறேன். கேட்டா அப்பா ஒரே வார்த்தை சொன்னாப் போதும்.”

மூன்று வாரம் அந்த ஒரே வார்த்தையைத்தான் அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

“ஓட்டினேன், ஓடலைன்னு சொல்லுப்பா.”

“சரித்தா.”

“சரின்னா என்ன? வாயத் தொறந்து சொல்லு.”

அவர் தட்டிலிருந்த சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார். உருண்டை வாய்க்குப் போகாது. மனுஷனுக்குப் பயம், பாவம் என்று நினைத்துக்கொண்டு, இன்னும் சத்தமாக மிரட்டினேன்.

கோர்ட்டில் எங்களுக்கு முன்னால் வரிசையாக எல்லாம் வண்டிக் கேஸ்கள். நான் கதவோரம் நின்று ஒவ்வொன்றையும் பார்த்தேன். பதினாறு வயதுப் பையன் பைக்கை எடுத்து யாரையோ இடித்திருக்கிறான். அவன் கேஸ் வேறு இடத்தில் நடக்கிறது. இங்கே சாவி கொடுத்த தகப்பன் நின்றார். எழுபது தாண்டிய ஒரு பெரியவர், கண் சரியாகத் தெரியாமலே டிராக்டரை ஹைவேயில் ஏற்றியவர். இனிமேல் வண்டியைத் தொடக்கூடாது என்று ஜட்ஜ் சொன்னதற்கு, தனக்குச் சொன்னதே அல்ல என்பதுபோல் சுற்றிப் பார்த்தார். அடுத்தது குடித்துவிட்டு லாரி ஓட்டிய ஒருவன். என் வயதுதான் இருக்கும். ஜட்ஜம்மா குரலை உயர்த்தவே இல்லை. ஆறு மாதம் என்றார். ஒரு போலீஸ்காரர் வந்து அவன் கையைப் பிடித்ததும், சட்டைப் பையிலிருந்த செல்போனை எடுத்து யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நின்றான். அம்மா என் முழங்கையை இறுக்கிப் பிடித்ததில் நகம் பதிந்தது.

“ஸ்வாதி, அப்பாவுக்கு மாத்திரை கொண்டாந்தியா?”

“இப்ப அதுதான் முக்கியமா?” என்று அம்மாவிடம் எரிந்து விழுந்தேன். கொண்டுவரவில்லை.

அப்போதுதான் மாரம்மா வந்தார். ஒரு பக்கம் கைத்தடி, மறுபக்கம் மகன் தோள். பெஞ்சில் உட்கார அவருக்கு வெகுநேரம் ஆனது. காலை மடக்க முடியாமல் நீட்டியே வைத்திருந்தார். அப்பா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். “அங்க பாக்காதப்பா,” என்று அவர் காதருகே சொன்னேன்.

அப்பா பெயரைக் கூப்பிட்டார்கள். பெயர் கன்னட வாயில் கொஞ்சம் வேறு மாதிரி ஒலித்ததால் அவர் நகரவில்லை, நான்தான் முதுகில் தள்ளினேன். வக்கீல் எழுந்து மனுவைச் சொன்னார். மோதியதை ஒப்புக்கொள்கிறார், ஓடவில்லை, மொழிப் பிழை, அவரே ஆஸ்பத்திரியில் சேர்த்த ரசீது இதோ. அரசுத் தரப்பில் ஆட்சேபம் பெரிதாக இல்லை. ஓடியதைப் பார்த்த சாட்சி யாரும் இல்லை. மாரம்மாவுக்கு அடிபட்டது மட்டும்தான் நினைவிருக்கிறது.

ஜட்ஜம்மா காகிதத்தைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். மொழிபெயர்க்க எழுந்தவரைக் கையமர்த்திவிட்டு அவரே தமிழில் கேட்டார்.

“பெரியவரே, நீங்க ஓட்டினீங்களா, ஓடினீங்களா?”

ஓட்டினேன். ஒரு வார்த்தை. நான் வாய்க்குள்ளேயே சொன்னேன்.

அப்பா கைகூப்பியபடி மாரம்மா பக்கம் திரும்பினார்.

“ரெண்டுந்தாம்மா.”

வக்கீல் அவர் கையைத் தொட்டார். அப்பா நிறுத்தவில்லை.

“ஓட்டுனேன். அந்தம்மா விழுந்ததும் வண்டிய நிறுத்தாம ஓடியும் போனேன். டோல்கேட்டு வரைக்கும் போயிட்டேன். அங்கன லைன்ல நிக்கிறப்பத்தான் கண்ணாடில ஒட்டியிருந்த கீரையப் பாத்தேன். திரும்பி வந்தப்ப அந்தம்மா ஒரு கைய மட்டும் தூக்கித் தூக்கி ஆட்டிக்கிட்டுக் கெடந்துச்சு. யாருமே நிக்கல. அந்த ஸ்டேசன்காரர் மேல தப்பில்லம்மா. வாய் தவறித்தான் சொன்னேன். ஆனா அது நெசம்.”

ஜட்ஜம்மா பேனாவை எடுத்தார். மாரம்மாவின் மகன் குனிந்து தாயிடம் கன்னடத்தில் ஏதோ சொன்னான். அந்த அம்மாள் அப்பாவை நிமிர்ந்து பார்த்தார், நெடுநேரம். அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சுவரோடு சாய்ந்தார். லாரிக்காரனை அழைத்துப் போன அதே போலீஸ்காரர் இரண்டடி முன்னால் வந்து அப்பாவுக்குப் பக்கத்தில் நின்றார்.

எனக்குக் கோபம் வரவில்லை. முதல்முறையாக வெறும் பயம் மட்டும் இருந்தது. மூன்று வாரத்தில் ஒரு நாளாவது என்னிடம் இதைச் சொல்லியிருக்கலாமே என்று நினைத்தேன். சொல்லியிருந்தால், வெளியே மூச்சுவிடாதே என்று நான்தான் அவர் வாயை அடைத்திருப்பேன். அது அப்பாவுக்குத் தெரியும்.