மூன்றாவது பேச்சு

மூன்றாவது முறையும் சொதப்பினால் மைக் இருக்கும் திசையில் தலைவைத்துக்கூடப் படுப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டுத்தான் அவள் அன்று கிளம்பினாள். முதல் முறை கூட்டத்துக்கு முதுகைக் காட்டியபடியே முழுப் பேச்சையும் திரையைப் பார்த்துப் படித்தாள். அடுத்த முறை அரைமணி நேரப் பேச்சைப் பத்தே நிமிடத்தில் கொட்டிவிட்டு வந்து உட்கார்ந்தாள். ஆபீஸில் 'எக்ஸ்பிரஸ்' என்று பேரே விழுந்துவிட்டது.

அந்த நாளில் அது என்ன பெரிய கூட்டம்? மென்பொருள் வேலை பார்ப்பவர்கள் மாதத்தில் ஒரு சனிக்கிழமை கூடுவார்கள், யாரோ ஒருவருடைய கம்பெனியின் சாப்பாட்டு அறையில். மேசைகளை ஓரம் தள்ளி நாற்காலிகளை வரிசையாகப் போட்டால் மேடை தயார். நடுநடுவே காபி மெஷின் வேறு உறுமும். நினைத்தால் இப்போதும் அவளுக்குச் சிரிப்பு வரும்.

அழிந்துபோன தரவை மீட்பது எப்படி என்பதுதான் அன்றைய பேச்சு. ஒத்திகைக்கு வைத்திருந்த தரவை வேண்டுமென்றே அழித்து, காப்புப் பிரதியிலிருந்து மீட்டுக் காட்டுவதாகத் திட்டம். லேப்டாப்பில் காலையில் ஆபீஸ் வேலைக்குத் திறந்த ஜன்னலை மூட மறந்திருந்தாள். அழிக்கும் கட்டளையை அவசரத்தில் அதில் போய்த் தட்டிவிட்டாள். சற்று நேரத்தில் மேனேஜரின் போன்.

"என்னம்மா, நம்ம வெப்சைட்ல ஒரு ஆர்டரையும் காணோமாமே?"

எந்த ஜன்னல் என்று அப்போதுதான் பார்த்தாள். ஊருக்கு உபதேசம் பண்ண வந்தவள் நிஜ ஆர்டர்களையே துடைத்துப் போட்டிருந்தாள்.

"நான்தான் சார் அழிச்சிட்டேன். கொண்டு வந்துடறேன்."

அப்புறம் அவளுக்குப் பயப்பட நேரமில்லை. செய்வதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தட்டினாள். முன்வரிசை எழுந்து வந்தது. பின்னாலேயே மற்றவர்களும் வந்து சூழ்ந்துகொண்டார்கள்.

"பதறாதீங்க, முதல்ல புது ஆர்டரை நிறுத்தி வைங்க" என்றார் முன்பின் தெரியாத ஒரு அண்ணன்.

"காலையில எடுத்த பேக்கப் இருக்குல்ல? அப்புறம் என்ன" என்று ஒருத்தி அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

ஆர்டர்கள் திரும்பி வந்தபோது அறையே மூச்சு விட்டது. திங்கட்கிழமை மேனேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை. ஆனால் கூட்டம் நடத்தியவர் அன்றே சொல்லிவிட்டார்: "அடுத்த மாசமும் நீங்கதான் பேசறீங்க."

அவள் மறுக்கவில்லை.

இப்போது அவளுக்குப் பெரிய பெரிய அரங்குகள். செய்து காட்ட வேண்டியதை முன்கூட்டியே படம் பிடித்துக்கொண்டு போகிறாள், எதுவும் தப்பாகப் போவதில்லை. பேசி முடித்ததும் அரங்கம் அதிரக் கைதட்டுகிறார்கள், அதுவும் பிடித்துத்தான் இருக்கிறது. ஆனால் யாரும் நாற்காலியை விட்டு எழுந்து வந்து அவள் பக்கத்தில் நிற்பதில்லை.