சோபாவில் சிக்கிய சம்பந்திகள்

மியூசியத்தின் மூன்று மாடிகளையும் முழங்காலைப் பிடிக்காமல் ஏறி இறங்கிக் காட்டினால் ஆபரேஷன் பேச்சையே எடுப்பதில்லை என்று என் மனைவி வாக்குக் கொடுத்திருந்தாள். சாட்சிக்கு மகளின் மாமனார் மாமியாரையும் கூட்டி வந்திருந்தாள். எனக்கோ வெங்காயம் நறுக்கும் கத்தியைக் கண்டாலே மயக்கம் வரும்.

இரண்டு மாடிகளை ஊதித் தள்ளிவிட்டேன். படிக்கட்டுத் திருப்பம் ஒவ்வொன்றிலும் நின்று, சுவரில் தொங்கிய தீயணைப்புக் கருவியைக்கூடக் கண்கொட்டாமல் ரசித்தேன்.

"இவருக்குக் கலையில இவ்வளவு ஈடுபாடா!" என்று சம்பந்தியம்மா உருகிப் போனார்.

கடைசி மாடிக்கு முன் பக்கத்து ஹோட்டலில் தேநீர் என்று முடிவானது. அங்கேதான் அகப்பட்டேன்.

அது சோபா அல்ல, வெல்வெட் போர்த்திய புதைகுழி. உட்கார்ந்தேன், போய்க்கொண்டே இருந்தேன். அடி தட்டியபோது முழங்கால்கள் காதுக்குப் பக்கத்தில் இருந்தன. மேஜைமேல் இருந்த மூன்றடுக்கு கேக் தட்டு மேகத்துக்குள் மறைந்தது. பக்கத்தில் சம்பந்தி, வெறும் மூக்குக்கண்ணாடியும் மீசையுமாக மிதந்துகொண்டிருந்தார்.

நாற்காலியில் விவரமாக உட்கார்ந்த பெண்கள் இருவரும் தின்று முடித்து எழுந்தார்கள்.

"வாங்க, ஒரு மாடிதான் பாக்கி," என்றாள் மனைவி.

"நீங்க முன்னால போங்க. டீ சூடா இருக்கு."

"சம்பந்தியை எப்படித் தனியா விடறது? நானும் இருக்கேன்," என்றார் சம்பந்தி.

இவர் தொலைந்தால் தரையில் உருண்டாவது எழுந்துவிடலாம். பெண்ணைப் பெற்றவன், மாப்பிள்ளையின் அப்பாவிடம் போய்த் தூக்கிவிடச் சொல்ல முடியுமா?

"மேல வைரக் கிரீடம் இருக்காம் சம்பந்தி. பார்த்துட்டு வாங்களேன்."

"உங்களுக்கு முன்னால நான் பார்க்கறதா? நீங்க போங்க."

"சேச்சே, நீங்க போங்க."

"இன்னும் கொஞ்சம் டீ, சார்?" என்றார் பரிமாறுபவர்.

"ஊத்துங்க!" என்றோம் இருவரும்.

ஒரு குளத்தைக் குடித்திருப்பேன். அந்தக் குளம் இப்போது வெளியே வழி கேட்டது. கையை ஊன்றினேன், முழங்கை வரை சோபா விழுங்கியது. சம்பந்தியோ இருமும் சாக்கில் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தார்.

"என்ன சம்பந்தி, ஊஞ்சலா?"

அவர் அக்கம்பக்கம் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "தப்பா நினைக்காதீங்க. கொஞ்சம் கை குடுக்கறீங்களா? வந்ததிலிருந்து எழுந்திருக்க முடியல."

"அட, கடவுளே! நானும்தான்யா!"

'யா' வாய்தவறி வந்தது. அவர் பொருட்படுத்தவில்லை. கைகோத்து இழுத்தோம். இருவரும் இன்னும் ஒரு சாண் கீழே போனோம். மியூசியம் மூடி, பெண்கள் திரும்பி வந்து பார்த்தபோது புதுமணத் தம்பதி மாதிரி கைகோத்தபடி கிடந்தோம்.

"எழுந்திரிங்க பார்க்கலாம்," என்றாள் மனைவி.

இருவரும் காலை உதைத்துப் பார்த்தோம், சோபா மட்டும் குலுங்கியது.

"உங்களுக்கும் முழங்காலா?" என்று சம்பந்தியம்மா தன் கணவரை முறைத்தார்.

மேனேஜர், பரிமாறுபவர், வாசல் காவலாளி எல்லோரும் கூடி வேரோடு பிடுங்கினார்கள். நான் கழிப்பறைக்கு நொண்டியபடி ஓடித் திரும்புவதற்குள் மனைவி போனில் டாக்டரைப் பிடித்துவிட்டாள்.

"ஆமா டாக்டர், ரெண்டு பேர். ஒரே நாள், ஒரே ரூம்."

சம்பந்தி என் காதருகே வந்தார். "ஜன்னலோரக் கட்டில் எனக்குத்தான், சொல்லிட்டேன்."

"அதெப்படி? நீங்கதானே, 'உங்களுக்கு முன்னால நான் பார்க்கறதா'ன்னு சொன்னீங்க?"

"அது கிரீடத்துக்கு," என்றார் சம்பந்தி.