தொட்டையன் பெண்சாதி

ராமாபுரத்தில் எங்கள் குலதெய்வக் கோயில் சுவரில் வம்சாவளிக் கல் ஒன்று பதிக்கப் போகிறார்கள். அதில் செதுக்க வேண்டிய பெயர்களை என் தம்பி சேகரன் போனில் அனுப்பியிருந்தான். உச்சியில் தொட்டையன். கீழே மகன், பேரன்கள், அவர்களுடைய மகன்கள். ஒரு பெண் பெயர்கூட இல்லை. நாங்கள் குடியிருக்கும் விஜயநகரில் அவன் வீடு எனக்கு அடுத்த தெரு. செருப்பை மாட்டிக்கொண்டு நேரே போனேன்.

"வள்ளியாத்தா எங்கடா?"

"உக்காருக்கா மொதல்ல."

அவளைத் தேடி இரண்டு வருடம் அலைந்தவள் நான். மைசூரில் பார்த்த பழைய சென்சஸ் புத்தகங்களில் ஊருக்கு எத்தனை ஆண், எத்தனை பெண் என்ற எண்ணிக்கைதான் இருந்தது. பெயர்கள் இல்லை. ராமாபுரம் இருக்கும் கொள்ளேகால் பகுதி அந்தக் காலத்தில் கோயம்புத்தூர் ஜில்லா என்பது தாமதமாகத்தான் உறைத்தது. கோயம்புத்தூருக்குப் பலமுறை போனபிறகு ஒரு கிரயப் பத்திரம் கிடைத்தது. 'தொட்டையன் பெண்சாதி வள்ளியாத்தாள்', மைனர் மகன் காளியப்பனுக்காக வாங்கிய புன்செய்க் காடு. காளியப்பன் எங்கள் தாத்தா. தொட்டையன் பெயர் வேறு எந்தக் காகிதத்திலும் இல்லை.

"அவ காடு வாங்கலேன்னா அவரு பேரே நமக்குத் தெரியாதுடா."

"பொம்பளைங்க பேரு போடற வழக்கமில்லக்கா. நீயே வேற குலத்துக்குப் போயிட்டே. உன் பேருந்தான் இல்ல."

என் பெயரை நான் தேடவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அதற்கும் கோபம் வந்தது, என் மேலேயே.

"அப்ப அவ நம்ம குலத்துக்குத்தானே வந்தா?"

"பொறந்தது வேற குலமில்ல?"

"அந்தக் குலத்துக் கல்லுல போடுவாங்களா?"

"அங்கயும் போட மாட்டாங்க" என்று சிரித்தான்.

காபி கொண்டுவந்த அவன் மனைவி சரசு, "கல்லுல எடமில்லையாம் அண்ணி. கமிட்டித் தலைவர் பேருக்கு மட்டும் ரெண்டு வரி இருக்குது" என்றாள்.

சேகரன் அவளை முறைத்துவிட்டு என் பக்கம் திரும்பினான். "பங்காளிங்க தொட்டையன நம்பமாட்டேங்கறாங்க, பத்திரம் கேக்கறாங்க. அவரு பேரு வர்ற எடத்த மட்டும் போட்டோ எடுத்து அனுப்பு. அஷ்டே, அவ்வளவுதான்" என்றான் கன்னடம் கலந்து.

அவர் பெயரை ஒட்டித்தான் அவள் பெயர் இருந்தது. அதை வெட்டிவிட்டு அனுப்ப வேண்டுமாம். காபி டம்ளரைக் கீழே வைத்தேன்.

"முழுசாக் காட்டறேன். அவ பேரையும் போடு."

"சும்னே கலாட்டா பண்ணாதக்கா. நீ தரலேன்னா காளியப்பத் தாத்தாகிட்டேருந்து ஆரம்பிச்சுக்கறோம்."

"ஆரம்பிச்சுக்கோ."

அப்படியே செய்தார்கள். அப்பா அம்மா இல்லாமல் முளைத்தவர்போலத் தாத்தா கல்லின் உச்சியில் இருந்தார். அக்காவின் பிடிவாதத்தால் ஒரு தலைமுறையே போயிற்று என்று சேகரன் எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தான். கும்பாபிஷேகத்தன்று பங்காளிகள் ஒவ்வொருவராக வந்து, "தொட்டையன ஏம்மா விட்டீங்க?" என்று என்னைக் கேட்டார்கள்.

"வள்ளியாத்தா புருஷனயா கேக்கறீங்க?" என்றேன், ஒவ்வொருவரிடமும்.

அவள் யார் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.