ஒரு கை உரம்

மகள் ஜெயித்துவிட்டாள் என்று தெரிந்தால் எந்தத் தாய்க்குத்தான் வாய் சும்மா இருக்கும்? ஜீவராணிக்கும் இருக்கவில்லை. இருந்திருந்தால் கிருஷாந்தி இந்நேரம் வெளிநாட்டுக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருப்பாள்.

இலங்கை மலையகத்தில், வட்டவளைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில் ஜீவராணி கொழுந்து எடுக்கிறாள். அதே தோட்டத்து மலையில்தான் மகளின் ஆராய்ச்சியும் நடந்தது. சில நிரைகளுக்கு யூரியா, சில நிரைகளுக்கு ஒன்றுமில்லை, மீதிக்கு கிருஷாந்தி தானே வளர்த்த நுண்ணுயிர்க் கரைசல். யூரியா இல்லாமல் கரைசல் மட்டும் அதே அளவு கொழுந்து கொடுக்குமா என்பதுதான் கேள்வி. இரண்டு வருடம் மழையிலும் அட்டைக்கடியிலும் நின்று கொழுந்தை நிறுத்துப் பார்த்தாள். கொடுத்தது. ஆராய்ச்சிப் பொறுப்பாளர் மயூரதன் சேர் பூரித்துப்போய், வெளிநாட்டு மேற்படிப்புக்குச் சிபாரிசுக் கடிதமும் எழுதிவிட்டார். பொறுமையும் கூர்மையும் நேர்மையும் உள்ள பிள்ளை என்று எழுதியிருந்தார்.

"குடுக்காம என்ன செய்யும்?" ரொட்டியைத் திருப்பிப் போட்டபடி சிரித்தாள் ஜீவராணி. "ஒன் கரைசல் ஊத்துன செடி மஞ்சளாப் போச்சுன்னு கங்காணி கேலி பண்ணுனாரு. எனக்கு வயிறெரிஞ்சு போச்சு. மலைக்கு ஒரம் போடுறப்பல்லாம் ஒரு கை அள்ளி மடியில கட்டிக்கிட்டுப் போயி ஒன் செடிக்குப் போட்டுட்டு வந்துருவேன்."

கிருஷாந்தி தட்டைக் கீழே வைத்தாள். "எத்தன தடவம்மா?"

"யாரு கணக்கு வச்சா? வெளிய சொல்லிறாத. தோட்டத்து ஒரம். தெரிஞ்சா பேர வெட்டி வீட்டுக்கு அனுப்பிருவாங்க."

கிருஷாந்தி ஒன்றும் காட்டிக்கொள்ளாமல் ரொட்டியைப் பிய்த்துத் தின்றாள். வாயை மூடிக்கொண்டால் போதும், ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது. அந்த ஆசை அவளைப் பாடாய்ப் படுத்தியது. ஆனால் இந்த ஆராய்ச்சி முடிவை நம்பி நாலு தோட்டங்கள் யூரியாவை நிறுத்தும். செடி மஞ்சளாகும், கொழுந்து குறையும். கிலோ குறைந்தால் எடுக்கிறவர்களுக்கு அரைப் பேர்தான் விழும், பாதிச் சம்பளம். எல்லாரும் அம்மாவைப் போன்ற பெண்கள்.

மறுநாளே மயூரதன் முன்னால் போய் நின்றாள். "சேர், அந்த முடிவு பிழை. என் நிரைகள்ல யூரியா விழுந்திருக்கு."

அவர் நிமிர்ந்தார். "ஆர் போட்டது?"

பஸ்ஸில் வரும்போதெல்லாம் அவள் பயந்த கேள்வி அதுதான்.

"நான்தான் போட்டேன், சேர்."

உண்மையைச் சொல்ல வந்தவள், பாவம், அந்த ஒரு பொய்யைச் சொன்னாள். வேறு வழி இருந்ததாக எனக்கும் தெரியவில்லை.

"நேர்மை எண்டு என்ர கையாலதானே எழுதினனான்," என்றார் அவர். கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். கடிதத்தைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னார். இனி இந்தப் பக்கம் வரவேண்டாம் என்றும் சொன்னார்.

லயத்து வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மழையில் தொப்பலாக நனைந்திருந்தாள். ஜீவராணி துவாயை எடுத்து வந்து தலையைத் துவட்டினாள்.

"என்னாம்மா, வெளிநாட்டுப் படிப்பு கெடைக்கலியா?"

"இல்லம்மா. இனிமே எங்கயும் கெடைக்காது."

ஜீவராணியின் கை நின்றது. கண் கலங்கிவிட்டது.

"எல்லாம் ஏந் தப்புதான்," என்றாள். "இன்னும் ஒரு கை கூடப் போட்டிருக்கணும்."