பதினாலாம் நம்பருக்கு ஒரு வாழ்த்து அட்டை

“ஒரே ஒரு அட்டைக்கு மூணு நாளா?” என்று கேட்டான் திம்மப்பன்.

“மூணு சாயந்திரம். அதைப் போயி மூணு நாளுங்கறே,” என்றாள் அவன் பெண்டாட்டி முனிலட்சுமி.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். செய்தித்தாளை விரித்து அதன்மேல் ஒரு கடையையே பரப்பியிருந்தாள். ஓசூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் வாங்கின பூப்போட்ட தாள், கோடு போட்ட தாள், புடவைப் பெட்டியிலிருந்து கிழித்த ஜரிகைத் தாள். ஊதா, சிவப்பு, பச்சை என்று மூன்று புட்டி ஸ்டாம்பு பேட் மை. அச்சுகளெல்லாம் பழைய ரப்பர் செருப்பின் அடிப்பாகத்தில் பிளேடால் அவளே செதுக்கியவை. மல்லிமொட்டு, மாங்காய், இலைக்கொடி. இப்போது புதிதாக ஒரு வளையம். வளையத்துக்குள் இன்னொரு வளையம்.

“இது என்னா, வளையலா?”

“ஆயில் சீலு. நாங்க நாளெல்லாம் கையில வெச்சிகினு பாக்கறது.”

“வாழ்த்து அட்டையில ஆயில் சீலு போடறவள இப்பதான் பாக்கறேன். ரோஜாப்பூ போடுடி.”

“சரஸ்வதியக்கா பதினோரு வருஷமா ரோஜாப்பூவையா செக் பண்ணுச்சி?”

அவள் நுரைத்துண்டில் மை தொட்டு அச்சில் தடவினாள். முதல் அச்சு செய்தித்தாளில். அது அதிகப்படி மையை உறிஞ்சிவிடும். இரண்டாவது அச்சுதான் அட்டைக்கு. ஒன்றின் மேல் ஒன்று பாதி ஏறி நிற்கிற மாதிரி, ஊதா வளையங்கள் முன்பக்கம் முழுக்கப் பரவின. ஓரத்தில் ஜரிகைத் தாளை ஒட்டினாள்.

சரஸ்வதிக்கு நாளை கடைசி நாள். தென்காசிப் பக்கத்துக்காரி. இயந்திரங்களில் எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் சீல் செய்கிற கம்பெனியின் கடைசிச் சோதனைப் பிரிவில் பதினோரு வருஷம். கான்ட்ராக்டில்தான். கான்ட்ராக்டர் பெயர் ஐந்து முறை மாறியது. ஒவ்வொரு முறையும் புது அடையாள அட்டை, புதுச் சேர்க்கைத் தேதி. இனி ஆள் வேண்டாம் என்று சொன்னதும், இத்தனை வருஷம் இங்கே வேலை பார்த்ததாக ஒரு கடுதாசி கொடுங்கள், வேறு கம்பெனியில் காட்ட வேண்டும் என்று எச்.ஆர். சுவாதி மேடத்திடம் கேட்டாள். சுவாதி மேடம் கம்ப்யூட்டரைப் பார்த்தாள்.

“எட்டு மாசம்தான் காட்டுதும்மா.”

“அப்ப மிச்ச வருசமெல்லாம் நான் எங்க இருந்தேன் மேடம், அதையும் பாத்துச் சொல்லுங்க.”

சுவாதி மேடம் அடுத்த பைலை எடுத்தாள். நிரந்தர ஆள் போனால் சால்வை உண்டு, பிரியாணி உண்டு, பெரிய சார் கையெழுத்துப் போட்ட அச்சு அட்டை உண்டு. கான்ட்ராக்ட் ஆள் போனால் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள்.

ஆகவே முனிலட்சுமி உள்பக்கத்தில், கறுப்புப் பேனாவில், நின்று நிதானித்து எழுதினாள்:

‘சரஸ்வதியக்காவுக்கு. பைனல் இன்ஸ்பெக்‌ஷன், ஸ்டாம்பு நம்பர் 14. பதினோரு வருஷம் எங்க கூட இங்க வேலை செஞ்சீங்க. நாங்க பாத்தோம்.’

திங்கட்கிழமை சானமாவு ரோட்டில் யானை நின்றதால் கம்பெனி பஸ் இருபது நிமிஷம் தாமதம். சரஸ்வதி வருவது வேறு பஸ்ஸில். அந்த இருபது நிமிஷத்தில் அட்டை பஸ்ஸுக்குள் ஒரு சுற்று வந்தது. எல்லாருக்கும் பிடித்தது. கையெழுத்துப் போடத்தான் ஒருத்திக்கும் கை வரவில்லை.

“எனக்கு வேணாங்க்கா,” என்றாள் காவியா. பிரிவில் அவள்தான் சின்னவள். “போன வருஷம் ஃபேனு கேட்டு ஒரு தாளு எழுதினோமே, மொதல்ல கையெழுத்துப் போட்ட மூணு பேரும் இப்ப எங்க இருக்கறாங்க?”

“இது ஃபேனு கேக்கற தாளு இல்லடி. வாழ்த்து.”

“பேரு இருக்கும் இல்ல? பேரு வேணாம். நம்பரு வேணா போடறேன்.”

சொன்னவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். முனிலட்சுமி அதைப் பிடித்துக்கொண்டாள்.

“நம்பரே போடு. ஸ்டாம்பாவே போடு.”

சோதனை மேசைக்கு ஒருத்தி. ஒருத்திக்கு ஒரு ஸ்டாம்பு. வட்டத்துக்குள் நம்பர், கீழே ஓகே. ஒரு தட்டுச் சீலைப் பார்த்து முடித்தால் தட்டில் கட்டிய சீட்டில் அதை அடிக்க வேண்டும். நாளைக்குச் சரக்கு திரும்பி வந்தால் யார் விட்டது என்று நம்பர் காட்டிக்கொடுக்கும். பெயரை மறைக்க அதையே தேர்ந்தெடுத்தார்கள். அந்த நேரத்தில் ஒருத்திக்கும் அது உறைக்கவில்லை.

பத்து மணிக்கு அட்டை கிளம்பியது. தட்டுச் சீட்டுக்கு அடியில் ஒளிந்துகொண்டு மேசை மேசையாகப் போனது. முனிலட்சுமி எட்டு. பக்கத்தில் பதினொன்று. அப்புறம் பதினேழு, பத்தொன்பது. சரஸ்வதியின் மேசையை மட்டும் தாண்டிப் போனது. ஒன்பதாவது ஸ்டாம்பு காவியாவுடையது, இருபத்திரண்டு. அவள் அடித்தாள், ஊதினாள், பிறகு அவள் கை ஒரு நாளைக்கு முந்நூறு முறை செய்கிற காரியத்தைத் தானாகச் செய்தது: ஓகே அடித்ததைத் தட்டில் வைத்து, உருளைப் பாதையில் தள்ளிவிட்டது.

“அய்யோ,” என்றாள் மெதுவாக. தட்டு அதற்குள் டெஸ்பாட்ச் ஜன்னலுக்குள் போய்விட்டது.

கொஞ்ச நேரத்தில் சென்னப்பன் வெளியே வந்தார். டெஸ்பாட்சில் பெட்டி கட்டுகிறவர். கையில் அட்டை.

“இது எந்தக் கஸ்டமருக்கும்மா? பார்ட் நம்பரக் காணோம், இன்வாய்ஸக் காணோம். ஒம்போது பேரு ஓகே போட்டிருக்கறீங்க. இருவது வருஷத்துல இவ்ளோ ஓகே வாங்கின சரக்கை நான் பாத்ததில்ல.”

பிரிவே சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் சூப்பர்வைசர் மோகன்குமார் பக்கத்தில் நின்றார். “என்னது, காட்டுங்க” என்று கையை நீட்டினார். சரஸ்வதி எழுந்து வந்து, அவர் கைக்கு முன்னால் அதைச் சென்னப்பனிடமிருந்து வாங்கிக்கொண்டாள்.

“என் பேரு போட்டிருக்கு சார். எனக்குத்தான்.”

பிரித்துப் படித்தாள். இன்னொரு முறை படித்தாள். முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சாப்பாட்டுப் பைக்குள் அதை வைத்தாள். மோகன்குமார் அவள் தோளுக்கு மேலாகப் படித்திருந்தார். ஆபீஸுக்குப் போய் யாருடனோ பேசிவிட்டு, மூன்று மணிக்குத் திரும்பி வந்தார்.

“சரஸ்வதிம்மா, அதைக் குடுத்துடுங்க. நானே வேற அட்டை வாங்கித் தர்றேன். இதவிடப் பெரிசு. தொறந்தா மியூசிக் வரும்.”

“மியூசிக்க வச்சி நான் என்ன சார் பண்ண?”

“கம்பெனி ஸ்டாம்பை தட்டுல கட்டற டேக்ல மட்டும்தான் அடிக்கணும். இது ரூல்ஸ் மீறினது.”

முனிலட்சுமி கையிலிருந்த ஆயில் சீலைக் கீழே வைத்தாள். “ரூல்ஸ் மீறினது நாங்க சார். எங்கள கேளுங்க. அதுல எழுதியிருக்கறது பொய்யா?”

“பொய்யின்னு யாரு சொன்னா? பதினோரு வருஷம்னு எழுதி, மேல கம்பெனி ஸ்டாம்பு ஒம்போது. இதைத் தூக்கிகிட்டு லேபர் ஆபீஸ் பக்கம் போனா யாரு பதில் சொல்றது?”

அங்கே போகலாம் என்று அதுவரை ஒருத்திக்கும் தோன்றியதில்லை.

“அது எத்தினி மணி வரைக்கும் சார் தொறந்திருக்கும்?” என்று கேட்டாள் காவியா.

அவர் முகம் சிவந்தது. “நம்பர் போட்டா தெரியாதுன்னு நெனச்சீங்களா? எட்டு யாரு, இருவத்திரெண்டு யாருன்னு ஸ்டாம்பு ரெஜிஸ்டர்லயே இருக்குது.”

அப்போதுதான் தாங்கள் செய்தது காவியாவுக்குப் புரிந்தது, நாக்கைக் கடித்துக்கொண்டாள். முனிலட்சுமிக்கும் புரிந்தது. ஆனால் அவளுக்கு இன்னொன்றும் சேர்ந்து புரிந்தது.

“அதே ரெஜிஸ்டர்ல பதினாலும் இருக்கும் இல்ல சார்? எந்தத் தேதியில குடுத்தீங்கன்னும் இருக்குமே. கம்ப்யூட்டருக்குத்தான் மறதி. புக்குக்கு இல்லியே.”

“கேட்ல பாத்துக்கறேன்,” என்று சொல்லிவிட்டு நடந்தார் மோகன்குமார்.

ஐந்தரைக்கு மணி அடித்தது. கேட்டில் பை சோதிக்கிற மேசைக்குப் பின்னால் காவலாளி ஆஞ்சப்பன், பக்கத்தில் மோகன்குமார். வெளியே நான்கு பஸ், ஏற்றிக்கொண்டு போக. எதிரில் அடுத்த ஷிப்டு ஆட்கள் வந்த பஸ், இந்த வரிசை முடிந்ததும் உள்ளே வர. சரஸ்வதி தன் முறை வந்ததும் ஆஞ்சப்பன் கேட்பதற்கு முன்பே அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

“ஒளிச்சிக் கொண்டுபோவ எனக்கென்ன வந்திருக்கு,” என்றாள்.

“பிடிச்சி வைங்க,” என்றார் மோகன்குமார்.

ஆஞ்சப்பன் அட்டையைத் தொடவில்லை. பெரிய ரெஜிஸ்டரைத் திறந்து, தேதி போட்டு, பேனாவை நிறுத்தினார்.

“பொருள், வாழ்த்து அட்டை ஒண்ணு. சரி. விவரம் என்னா எழுதட்டும் சார்?”

“அதெல்லாம் வேணாம். சும்மா வாங்கி வைங்க.”

“போன மாசம் ‘கழிவு ஒரு பெட்டி’ன்னு சுருக்கமா எழுதி விட்டதுக்கு மூணு நாள் சம்பளத்தப் புடிச்சீங்க சார். உள்ள பித்தளை இருந்துச்சாம். இனிமே எழுதாம ஒரு ஆணிகூட இந்த மேசைமேல இருக்கக் கூடாதுன்னு நீங்கதான் சொன்னீங்க. முனிலட்சுமிம்மா, நான் கண்ணாடி எடுத்துட்டு வரல. என்னா எழுதியிருக்குது, படி.”

முனிலட்சுமி படித்தாள். பஸ்ஸில் ஏறியிருந்தவர்களுக்கும் கேட்கிற குரலில் படித்தாள். ‘பைனல் இன்ஸ்பெக்‌ஷன், ஸ்டாம்பு நம்பர் 14. பதினோரு வருஷம்.’ ஆஞ்சப்பன் ஒவ்வொரு சொல்லாகத் திருப்பிச் சொல்லிக்கொண்டே எழுதினார். பள்ளிக்கூடத்தில் சொல்லச்சொல்ல எழுதுவார்களே, அந்த மாதிரி. அப்புறம் ரெஜிஸ்டரைத் திருப்பி மோகன்குமார் பக்கம் வைத்தார்.

“உங்க ஆர்டர்ல பிடிச்சது. கையெழுத்து.”

மோகன்குமார் எழுதியிருந்ததைப் பார்த்தார். “அதை அடிச்சிடுங்க.”

“அடிச்சாலும் பக்கத்துல உங்க கையெழுத்து வேணும் சார்.”

“சரி, விடுங்க. கொண்டு போகட்டும்.”

“கம்பெனி ஸ்டாம்பு இருக்கற பொருளு சார். கேட் பாஸ் இல்லாம எப்பிடி விடறது? அதுலயும் விவரம் எழுதணுமே.”

பின்னால் வரிசையில் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள். அடுத்த ஷிப்டு பஸ் ஹாரன் அடித்தது. மோகன்குமாரின் போன் ஒலித்தது. உள்ளேயிருந்து, ஆள் ஏன் இன்னும் வரவில்லை என்று.

“சரஸ்வதிம்மா, நீங்களே இதைக் குடுத்துட்டுப் போயிடுங்களேன். எல்லாருக்கும் லேட்டாவுது.”

சரஸ்வதி மேசைக்கு எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள்.

“எனக்கு லேட்டு ஒண்ணுமில்ல சார். நாளைக்கு நான் வேலைக்கு வரணுமா என்ன? பிடிக்கதா இருந்தா கையெழுத்துப் போட்டுப் பிடிங்க. விடுததா இருந்தா கையெழுத்துப் போட்டு விடுங்க. எது செஞ்சாலும் எழுதிச் செய்ங்க. எழுதாம செஞ்சதெல்லாம் போதும்.”

முனிலட்சுமி போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். பதினொன்றாம் ஸ்டாம்புக்காரி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தாள். பதினேழு வந்தாள். பெஞ்சில் இடமில்லாததால் காவியா மேசையோரம் நின்றாள். ஒன்பது பேரும் வந்துவிட்டார்கள்.

“என்னா பண்றீங்க எல்லாரும்?”

“பஸ்ஸுக்கு நிக்கறோம் சார்,” என்றாள் பதினேழு.

“பஸ்ஸு அங்க நிக்குது.”

“இந்தக்காவும் ஏறட்டும்னு நிக்கறோம்.”

போன் மறுபடி ஒலித்தது. மோகன்குமார் அதை அணைத்துவிட்டு, “கேட் பாஸ் புக்கை எடுங்க” என்றார்.

ஆஞ்சப்பன் கார்பன் தாளைச் சரியாக வைத்தார், மேலும் கீழும் பார்த்தார், ரெஜிஸ்டரைப் பார்த்து எழுதினார். வாழ்த்து அட்டை ஒன்று. சரஸ்வதி, ஸ்டாம்பு நம்பர் 14, பதினோரு வருஷ வேலைக்கு. ஒன்பது ஸ்டாம்பு.

“திரும்பி வர்ற பொருளா, வராத பொருளா சார்?”

“வராது,” என்றார் மோகன்குமார். பல்லைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். பக்கத்தில் கம்பெனி முத்திரை விழுந்தது.

“பொருளோட ஒரு காப்பி போவணும்,” என்று ரோஸ் தாளைக் கிழித்து அட்டையோடு சேர்த்து நீட்டினார் ஆஞ்சப்பன். சரஸ்வதி அதை விளக்குப் பக்கம் பிடித்துப் பார்த்தாள். பதினோரு வருஷம் என்பதற்கு நேர் கீழே கம்பெனியின் பெயரும் தேதியும் இருந்தன.

“எழுத்து நல்லா விழுந்திருக்குங்க,” என்றாள் அவரிடம்.

“அழுத்தி எழுதினேம்மா.”

பஸ்ஸை நோக்கி நடந்தவர்களில் முனிலட்சுமியை மட்டும் மோகன்குமார் நிறுத்தினார்.

“நாளையிலிருந்து உனக்கு இங்க மேசை கிடையாது. ட்ரிம்மிங்ல போயி நில்லு. ஸ்டாம்பையும் ஒப்படைச்சிடு.”

ட்ரிம்மிங்கில் எட்டு மணி நேரமும் நின்றே பிசிறு வெட்ட வேண்டும். சூடு வேறு. அவளுக்குத் தெரியும்.

“சரிங்க சார். அங்க எத்தினி பேரு கான்ட்ராக்ட்?”

“எதுக்குக் கேக்கற?”

“தாளு வாங்கணும். எத்தினி அட்டைக்குன்னு தெரிஞ்சா அளவா வாங்குவேன்.”

அவர் திரும்பி நடந்தார். பஸ் படியில் நின்றபடி சென்னப்பன்தான் சொன்னார்: “இருவத்தாறு பேரும்மா.”

“அப்ப ஒரு கட்டு பத்தாது,” என்று சொல்லிக்கொண்டே ஏறினாள் முனிலட்சுமி.