விரும்பிக் கேட்டவர்கள்

கல்முனைக் கடைத்தெருவில் ஒரு மாடியறைக்குள் அடங்கிய அந்தச் சிறு வானொலி நிலையம் நாலரை ஆண்டுக்குள் மூன்று கைகளைக் கண்டுவிட்டது. ஆழிப்பேரலை ஊரை வாரிச் சென்ற மறுமாதம் அதைத் தொடங்கியது ஒரு நிவாரண அமைப்பு. அப்போது பாட்டே கிடையாது. தண்ணீர் வண்டி வரும் நேரமும் காணாமற்போனோரின் பெயர்களுந்தான். அமைப்பு மூட்டை கட்டியபின் அக்கரைப்பற்று அரிசி ஆலைக்காரர் ஒருவர் வாங்கினார். பாட்டும் நகைக்கடை விளம்பரமும் வந்தன. ஆயினும் வெள்ளி மாலையில் பத்து நிமிடத்தைப் பெயர்களுக்கென விட்டுவைத்தார். இவ்வாண்டு பங்குனியில் நிலையம் கொழும்புக் கம்பனி ஒன்றின் கைக்குப் போயிற்று. புதிய முகாமையாளர் அஹ்ஸன் முதல்நாளே சொல்லிவிட்டார்.

"இனி நேயர் விருப்பம் மட்டுந்தான். ஒப்பாரி கேட்டா ஆக்கள் வேற ரேடியோவுக்கு மாறிருவாங்க."

தொடக்கம் முதல் பெயர் வாசித்தவள் றாஹிலா. நாற்பத்தேழு பெயர்கள், தாளைப் பாராமலே நாவில் வரும். அவற்றுள் ஒன்று அவள் கணவன் ஜவுபருடையது. வலை உலர்த்தக் கடற்கரைக்குப் போனவன் மீளவில்லை; அடக்க ஜனாஸாவும் கிடைக்கவில்லை. ஆதலால், கணவனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்கும் இத்தாவை அவள் இருக்கவேயில்லை.

பெயர்களைக் கைவிட மனம் ஒப்பவில்லை. பாட்டுக்கு முன், அதை விரும்பிக் கேட்டவர்களின் பெயர்களை அடுக்கிச் சொல்வது வழக்கம் அல்லவா? அந்த அடுக்கினிடையே நாளுக்கு இரண்டு மூன்றாக அவற்றையும் செருகினாள். "மருதமுனை ஜவுபர், பாண்டிருப்பு விதுசா..." வீட்டாருக்குப் புரியும் என்றே எண்ணினாள். ஜவுபர் பாட்டுக் கேட்டிருக்கிறான் என்று தன் வாயாற் சொல்லுகையில் அவளுக்கு உள்ளே ஓர் இனிப்பு ஊறியது. அதை அவள் ஒருவருக்கும் சொல்லவில்லை.

வன்னியில் போர் முடிந்த பத்தாம் நாள், பிற்பகல் அஸர் தொழுகை முடிந்த வேளை, பாண்டிருப்பிலிருந்து விதுசாவின் தாய் பாலம்மா படியேறி வந்தாள். கையில் ஒரு துணிப்பை.

"எங்கிட விதுசா எங்கயிருந்து எழுதின, புள்ள?"

றாஹிலா கையிலிருந்த விருப்பத் தாள்களைக் கீழே வைத்தாள்.

"முந்தநாள் நீதானே வாசிச்ச. ஊர்ப்பேரையும் மறக்கல்ல பார், ஆறு வயசில போனவ! ஆரோ தூக்கிக்கொண்டுபோய் வன்னியில வளத்திரிக்கணும். இப்ப அங்கத்தச் சனம் எல்லாரும் வவுனியா முகாமில நிக்காங்களாம். விடியப்பறம் பஸ்ஸில போறன்." பையைத் திறந்து புதுச் சட்டை ஒன்றை விரித்தாள். "பத்து வயசு எண்டு சொல்லித்தான் எடுத்தன். பத்துமோ தெரியா."

"அக்கா, அவ எழுதல்ல. நான்தான் சேத்து வாசிச்ச."

"பொய். உங்கிட முதலாளி சொல்லச் சொன்னவரோ?" பாலம்மா கண்ணாடிக்கு உள்ளிருந்த ஒலிவாங்கியைச் சுட்டினாள். "இந்த ரேடியோ எனக்கு ஒருநாளும் பொய் சொன்னதில்ல. அதில சொல்லு, நம்புறன்."

வழிநெடுகச் சோதனைச் சாவடி, முடிவில் முட்கம்பி, அதற்கப்பால் ஆயிரம் பிள்ளைகளின் முகம். ஒவ்வொன்றாய்ப் பார்த்து நிற்கப்போகும் தாயை றாஹிலா நினைத்தாள். உள்ளே போய் அமர்ந்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது.

"நேயர்களே, இரண்டு மாதமாக நான் ஒரு பிழை செய்து வந்தேன். பாண்டிருப்பு விதுசா பாட்டுக் கேட்கவில்லை. அவரைக் கடல் கொண்டுபோனது. மருதமுனை..."

கடற்காற்று யன்னலை ஒருமுறை தட்டிற்று.

"மருதமுனை ஜவுபரும் கேட்கவில்லை. அவர் மௌத்தாகிவிட்டார்."

மிகுதி நாற்பத்தைந்தையும் வாசித்தாள். பின்னர் பாட்டு எதுவும் போடவில்லை.

அவள் வெளியே வந்தபோது பாலம்மா சட்டையை மடியில் வைத்து மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பு நேராக வரவில்லை. பிரித்து மறுபடி மடித்தாள்.

"ஜவுபர் உன்ட புருசனோ?"

"ஓம் அக்கா."

"நல்லாத்தான் இரிக்கு. பைத்தியம் நான் மட்டுமில்ல." றாஹிலா அவளருகே தரையில் அமர்ந்தாள்.

தொலைபேசி அடித்தது. அடித்து ஓய்ந்து மீண்டும் அடித்தது. மறுமுனையில் அஹ்ஸன்.

"றாஹிலா, நாளைக்கு நீங்க வர வேணாம்."

"வரமாட்டன் சேர்," என்றாள் அவள். "நான் இத்தா இருக்கப்போறன்."